பஃபரின் கதை: நினைவகத்துக்கும் வன்தட்டுக்கும் நடுவில் ஒரு சித்தேரி

தருமபுரி மாவட்டத்தில் அரூரைத் தாண்டி மலை ஏறினால் சித்தேரி. சிற்றேரி என்பது பேச்சில் சித்தேரி ஆகிவிடும்; இதே பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் ஏரிகளும் உண்டு. ஏரியின் வேலை என்ன? மழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். பயிருக்கோ மாதக்கணக்கில் தண்ணீர் வேண்டும். வருகிற வேகமும் செலவாகிற வேகமும் பொருந்தாத இடத்தில் நம் முன்னோர் கரை கட்டி, மதகு வைத்து, தண்ணீரை நிறுத்தினார்கள்.

இதே மலை இன்னொரு பாடமும் சொல்லும். சித்தேரி மலையின் உள்ளே இருக்கும் சில குக்கிராமங்களுக்கு வெகுகாலம் வண்டிப்பாதை கிடையாது. லாரி வரக்கூடிய இடம் வரை வந்த மூட்டையை இறக்கி, அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும். இங்கே பொருந்தாதது வேகம் இல்லை, பாதை. லாரியால் அந்த இடத்தை எட்ட முடியாது, அவ்வளவுதான்.

கணினியின் நினைவகத்துக்கும் வன்தட்டுக்கும் (ஹார்ட் டிஸ்க்) நடுவிலும் இந்த இரண்டு சிக்கல்களும் ஐம்பது வருடமாக இருக்கின்றன. இரண்டுக்கும் தீர்வாக வந்தது பஃபர். நம் பாடப்புத்தகங்களில் இடையகம் என்று வருமே, அதுதான். தரவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் நினைவகத் துண்டு என்று ஒரே வரியில் தேர்வுக்கு எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் பெங்களூரில் இருந்த ஒரு இந்தியப் பொறியாளருக்கும் பங்கு உண்டு.

பதினைந்தே பஃபர்கள்

1970-களின் யுனிக்ஸில் ஆரம்பிக்கலாம். கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் பிடிபி-11 என்ற கணினியில் அதை வளர்த்தார்கள். அந்த இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க ஏறக்குறைய ஒரு மைக்ரோ விநாடி ஆகும். அதனுடன் இணைத்த ஆர்கே05 தட்டில் ஒரு இடத்தைத் தேடிப் படிக்க சராசரியாக 70 மில்லி விநாடி. அதாவது தட்டு ஒருமுறை அசைவதற்குள் நினைவகம் 70,000 முறை வேலை பார்த்துவிடும்! ஆமைக்கும் முயலுக்கும் போட்டி என்றால் இதுதான் போட்டி.

1975-இல் வெளியான ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் இதற்காக ஒதுக்கியிருந்தது மொத்தம் 15 பஃபர்கள். ஒவ்வொன்றும் 512 பைட். ஆக மொத்தம் 7,680 பைட். இன்றைக்கு ஒரு சின்னப் படத்துக்குக்கூடப் போதாத இந்த இடத்தை வைத்துக்கொண்டு பலபேர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள்.

முறை எளிமையானது. ஒரு நிரல் தட்டிலிருந்து ஏதாவது கேட்டால், அந்தத் துண்டு ஏற்கெனவே பஃபரில் இருக்கிறதா என்று கர்னல் முதலில் பார்க்கும். இருந்தால் தட்டுப் பக்கமே போகாது. இல்லையென்றால் வெகுநேரமாக யாரும் தொடாத பஃபர் ஒன்றை எடுத்து, 'இது உபயோகத்தில் உள்ளது' என்று அடையாளம் வைத்து, தட்டின் டிரைவரிடம் கொடுக்கும். டிரைவர் வேலையை முடித்துத் திருப்பித் தரும்வரை அந்தப் பஃபரை வேறு யாரும் தொடக்கூடாது. இந்த அடையாளம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இது தவறினால் ஒருவர் கோப்பில் இன்னொருவர் தரவு போய் உட்கார்ந்துகொள்ளும்.

எழுதும்போது இன்னொரு தந்திரம். நிரல் கொடுத்ததைப் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, எழுதியாகிவிட்டது" என்று கர்னல் சொல்லிவிடும். உண்மையில் தட்டுக்கு இன்னும் போயிருக்காது. 30 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் வந்து எல்லாவற்றையும் தட்டில் தள்ளும். அதற்குள் மின்சாரம் போனால்? போனது போனதுதான். அதனால்தான் அந்தக் காலத்து நிர்வாகிகள் இயந்திரத்தை நிறுத்துமுன் 'சிங்க்' என்ற கட்டளையை மூன்று தடவை அடிப்பது ஒரு சடங்காகவே இருந்தது.

இந்த நிரல்வரிகள் முழுவதையும் எடுத்து, வரிவரியாக விளக்கம் எழுதியவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ். தன் மாணவர்களுக்காக 1970-களின் நடுவில் தயாரித்தார். யுனிக்ஸின் உரிமை ஏடி&டி நிறுவனத்திடம் இருந்ததால் அது வெளிப்படையான புத்தகமாக வர 1996 ஆனது. அதற்கு இடைப்பட்ட இருபது வருடம் உலகம் முழுக்க மாணவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். பஃபர் என்ற விஷயத்தை ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது அந்த மங்கலான பக்கங்களில்தான்.

கான்ஃபிக்.சிஸ் காலம்

தமிழ்நாட்டுத் தெருக்களில் கணினிப் பயிற்சி மையங்கள் முளைத்த 90-களில் படித்தவர்களுக்கு பஃபர் வேறு வழியாக அறிமுகமானது. டாஸ் இயங்குதளத்தின் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் 'பஃபர்ஸ்=30' என்று ஒரு வரி இருக்கும். எதற்கென்று பலருக்குத் தெரியாது. இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். யுனிக்ஸின் அந்த 15 என்ற எண்ணுக்குத் தம்பிதான் இந்த 30. ஒரே வித்தியாசம், இங்கே எண்ணைப் பயனரே மாற்றலாம்.

பிறகு ஸ்மார்ட்டிரைவ் வந்தது. 1993 மார்ச்சில் வெளியான எம்எஸ்-டாஸ் 6.0-இல் அது எழுதும் தரவையும் சில விநாடிகள் பிடித்து வைத்துக்கொண்டது. பயனருக்குத் திரையில் 'சி:\>' வந்துவிடும். வேலை முடிந்தது என்று நினைத்து சுவிட்சை அணைத்துவிடுவார். தரவு நினைவகத்திலேயே நின்றிருக்கும்! தரவு தொலைந்த புகார்கள் வந்தன. அதே ஆண்டு கடைசியில் வந்த 6.2-இல் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. பஃபரில் உள்ளதைத் தட்டில் எழுதி முடித்த பிறகுதான் 'சி:\>' திரும்ப வரும்.

விண்டோஸ் 95-இல் கணினியை மூடும்போது, இப்போது அணைக்கலாம் என்று ஆரஞ்சு நிற எழுத்தில் வருமே, அதற்கும் காரணம் இதுதான். பஃபர் காலியாகும்வரை பொறுத்திருக்கச் சொல்லும் அறிவிப்பு அது.

16 எம்பி சுவர்

இதுவரை பார்த்தது வேகச் சிக்கல். இனி பாதைச் சிக்கல்.

தட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பைட்டையும் செயலி (சிபியு) தானே தூக்கி வைத்தால் அதற்கு வேறு வேலையே நடக்காது. அதனால் வன்தட்டின் கட்டுப்பாட்டு அட்டையே நேராக நினைவகத்தில் எழுதும் முறை வந்தது. டிஎம்ஏ என்பார்கள். டிரைவர் செய்ய வேண்டியது, "இந்த முகவரியில் எழுது" என்று அட்டைக்குச் சொல்வது மட்டும்.

ஆனால் முகவரியை எழுத அட்டையிடம் எத்தனை கோடுகள் இருக்கின்றன? 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் பஸ்ஸில் 24 முகவரிக் கோடுகள். 2-ஐ 24 முறை பெருக்கினால் 16 எம்பி. அன்றைக்கு 16 எம்பி நினைவகம் என்பது கனவில்கூட வராத அளவு. பத்து வருடத்தில் அது சாதாரணமாகிவிட்டது. ஐஎஸ்ஏ என்று பெயர்பெற்ற அந்தப் பஸ்ஸும் அதில் சொருகும் அட்டைகளும் மட்டும் மாறவில்லை. கணினியில் 32 எம்பி இருந்தாலும் அட்டையால் முதல் 16 எம்பியை மட்டும்தான் தொட முடியும்.

நிரலின் தரவு 20-ஆவது எம்பியில் இருந்தால் என்ன செய்வது? 16 எம்பிக்குக் கீழே ஒரு தற்காலிகப் பஃபர் எடுத்து, தரவை அதில் நகலெடுத்து, பிறகு அட்டையிடம் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டியதுதான். படிக்கும்போது இதற்கு நேர்மாறு. இதற்குப் பெயர் பவுன்ஸ் பஃபர். பந்து தரையில் பட்டு எழும்புவதுபோல் தரவு ஓரிடத்தில் பட்டுப் போகிறது என்பதால் அந்தப் பெயர். நம் ஊர்க் கணக்கில், லாரியிலிருந்து இறக்கித் தலையில் ஏற்றும் வேலை. அந்த இறக்குகூலியைக் கட்டுவது செயலி. எந்த வேலையிலிருந்து செயலியை விடுவிக்க டிஎம்ஏ வந்ததோ, அதே வேலை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்தச் சிக்கல் பிசியில்தான் முதலில் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பிடிபி-11/70 இயந்திரத்தில் நினைவகத்துக்கு 22 பிட் முகவரி, யுனிபஸ் என்ற அதன் பழைய பஸ்ஸுக்கோ 18 பிட்தான். டெக் நிறுவனத்தார் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு வன்பொருளை வைத்தார்கள். அட்டை சொல்லும் சின்ன முகவரியை அது பெரிய முகவரியாக மாற்றிவிடும், நகல் தேவையில்லை. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியில் இதே யோசனை மென்பொருளில் வந்தது. 'மேப் ரெஜிஸ்டர்' என்று ஒன்று இருப்பதாக டிரைவர் நினைத்துக்கொள்ளும். வன்பொருளில் அது இல்லாத இடத்தில் அடிமட்ட மென்பொருளே சத்தமில்லாமல் நகலெடுத்துத் தரும்.

896-உம் பிறகும்

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் பஃபர் கதை யுனிக்ஸ் பாணியிலேயே வளர்ந்தது. ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் 'பஃபர் ஹெட்' என்று ஒரு சிறு பதிவேடு. 2001 ஜனவரியில் 2.4 வெளியானபோது லினக்ஸ் பெரிய சர்வர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அங்கேதான் இரண்டு இடங்களில் முட்டியது.

முதலாவது, 32 பிட் கணினியில் கர்னலால் நேரடியாகக் கையாள முடிந்தது சுமார் 896 எம்பி வரைதான். அதற்கு மேற்பட்டதை 'ஹைமெம்' என்றார்கள். அட்டை புதியது, 4 ஜிபி வரை எட்டும், ஆனாலும் 2.4-இன் பழைய அமைப்பு ஹைமெம் தரவு முழுவதையும் பவுன்ஸ் பஃபர் வழியாகவே அனுப்பியது. நல்ல சாலை போட்ட பிறகும் மூட்டையை இறக்கித் தலையில் சுமந்த கதை!

இரண்டாவது, ஒரு நிரல் 1 எம்பியை ஒரே மூச்சில் எழுதச் சொன்னால், கர்னல் அதை 4 கேபி துண்டுகளாக வெட்டி 256 பஃபர் ஹெட் தயாரிக்கும். கீழே வந்ததும், "இதெல்லாம் அடுத்தடுத்த இடங்கள்தானே" என்று மறுபடி ஒட்டி டிரைவரிடம் கொடுக்கும். வெட்டுவதும் வீண், ஒட்டுவதும் வீண். ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய 'கியோபஃப்' என்ற மாற்று அமைப்பு இருந்தது. ஆனால் சின்னச் சின்ன வேலைகளுக்கு அது தாங்க முடியாத கனம்.

டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஆக்ஸ்போ இந்த அடுக்கையே திருப்பி எழுதினார். 2001 டிசம்பரில் 2.5.1 கர்னலில் அது நுழைந்தது. புதிய அமைப்பின் பெயர் 'பயோ'. அதன் உள்ளே ஒரு பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மூன்றே தகவல்கள்: எந்த நினைவகப் பக்கம், பக்கத்தில் எங்கிருந்து, எத்தனை பைட். ஹைமெம்மில் இருந்தாலும் சரி, சிதறிக் கிடந்தாலும் சரி, டிரைவர் அந்தப் பட்டியலை அப்படியே அட்டைக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். பவுன்ஸ் உண்மையிலேயே தேவைப்படும் அட்டைக்கு மட்டும் பவுன்ஸ்.

பெங்களூரில் எழுதிய ஆவணம்

தருமபுரி வழியாக வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலை பெங்களூரில் போய்ச் சேரும். அங்கே ஐபிஎம் மென்பொருள் கூடத்தில் லினக்ஸ் பிரிவில் வேலை பார்த்தவர் சுபர்ணா பட்டாச்சார்யா. யென்ஸ் ஆக்ஸ்போவும் இவரும் சேர்ந்து 2002 ஜனவரியில் இந்தப் புதிய அடுக்கைப் பற்றி நீண்ட குறிப்பு ஒன்றை எழுதினார்கள். கர்னலின் ஆவணக் கோப்புறையில் 'பயோடாக்' என்ற பெயரில் அது பல ஆண்டுகள் இருந்தது.

ஒரு ஆவணத்துக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். அந்த நாளில் லினக்ஸில் இருந்த எல்லாத் தட்டு டிரைவர்களும் இந்த மாற்றத்தால் பாதிக்கப்பட்டன. பல டிரைவர்களை எழுதியவர்கள் வேறு வேறு நாட்டில், முகம் பார்க்காதவர்கள். ஏன் மாற்றினார்கள், எதை விட்டார்கள், பவுன்ஸ் எப்போது நடக்கும், டிரைவர் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்றெல்லாம் ஒரே இடத்தில் காரணத்தோடு எழுதி வைத்தது அந்தக் குறிப்பு. லயன்ஸ் தன் மாணவர்களுக்குச் செய்ததை இவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தார்கள்.

தட்டு வேலை முடியும்வரை நிரல் காத்திருக்காமல் அடுத்த வேலையைப் பார்க்கும் முறை (ஏசின்க்ரனஸ் ஐ/ஓ) லினக்ஸில் வளர்ந்ததிலும் சுபர்ணா பட்டாச்சார்யாவுக்குப் பங்குண்டு. 2003-இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த லினக்ஸ் கருத்தரங்கில் அவரும் சக பொறியாளர்களும் அதுபற்றிக் கட்டுரை அளித்தார்கள்.

இந்த வேலைகளெல்லாம் சேர்ந்து 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 ஆக வெளிவந்தது. சி-டாக் சென்னை உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸின் அடியிலும் இருந்தது லினக்ஸ் கர்னல்தான். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தபோது விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதில் ஒரு கோப்பைச் சேமித்த ஒவ்வொரு மாணவரும் பயோ வழியாகத்தான் சேமித்தார். அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே.

"எழுதியாகிவிட்டது" என்றால் என்ன?

மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, மேசைக் கணினிக்கு இல்லை. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். யுபிஎஸ் 'பீப்' அடிக்க ஆரம்பித்ததும் கைகள் பதறி 'சேவ்' அழுத்தியவர்கள் எத்தனை பேர்! அப்படி அழுத்தியது எங்கே போய்ச் சேர்ந்தது?

முதலில் கர்னலின் பஃபருக்கு. அங்கிருந்து டிரைவர் வழியாக வன்தட்டுக்கு. ஆனால் வன்தட்டுக்குள்ளேயும் ஒரு நினைவகப் பஃபர் உண்டு! தட்டு, "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்வதும் சுழலும் காந்தத் தகட்டில் எழுதுவதும் ஒன்றல்ல. ஏரிக்குக் கீழே இன்னொரு ஏரி.

ட்வீடி உருவாக்கி 2001-இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 கோப்பு முறை, செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும். மின்சாரம் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் தட்டு தன் வசதிக்காக வரிசையை மாற்றி, குறிப்பேட்டுக்கு முன்னால் மற்றதை எழுதிவிட்டால் எல்லாம் வீண். ஆகவே, "உள்ளே வைத்திருப்பதை எழுதி முடி, பிறகு பதில் சொல்" என்று தட்டுக்கு உத்தரவிடும் பொறுப்பும் டிரைவர் தலையில் விழுந்தது.

சரி, எழுதும்போது தட்டில் பிழை வந்தால்? 2018-இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தள உருவாக்குநர்கள் ஒரு அதிர்ச்சியான விஷயத்தைக் கண்டார்கள். பஃபரிலிருந்து தட்டுக்கு எழுதுவது தோற்றுப்போனால், லினக்ஸ் ஒருமுறை பிழை என்று சொல்லும். அதன்பின் அந்தப் பஃபரை 'எழுதியாயிற்று' என்ற கணக்கில் சேர்த்துவிடும். நிரல் மறுபடி முயன்றால், "எல்லாம் சரி" என்று பதில் வரும். தரவோ தட்டில் இல்லை. பல ஆண்டுகளாக அந்தத் தரவுத்தளம் மறுமுயற்சியை நம்பியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரஸ் 11.2-இலிருந்து, அப்படி ஒரு பிழை வந்தால் தரவுத்தளம் தன்னையே நிறுத்திக்கொண்டு குறிப்பேட்டிலிருந்து மீண்டும் தொடங்கும்படி மாற்றினார்கள். வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் இந்த மாதிரித் தரவுத்தளங்களில்தான் இருக்கின்றன என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

போனதும் திரும்பி வந்ததும்

பவுன்ஸ் பஃபர் என்ன ஆனது? 64 பிட் கணினிகள் வந்ததும் ஹைமெம் தேவையற்றுப் போனது. பிடிபி-11/70-இல் இருந்த அதே மொழிபெயர்ப்பு வன்பொருள் ஐஓஎம்எம்யு என்ற புதுப்பெயரில் சாதாரணக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. 2021-இல் 5.13 கர்னலில், லினக்ஸின் தட்டு அடுக்கு ஐஎஸ்ஏ அட்டைகளுக்காக வைத்திருந்த பவுன்ஸ் வசதி நீக்கப்பட்டது. 2025-இல் வந்த 6.16-இல் அந்த அடுக்கில் மிச்சமிருந்த பவுன்ஸும் போயிற்று.

கதை முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. இன்று பலரும் தங்கள் நிரல்களை வாடகைச் சர்வர்களில், மெய்நிகர் கணினிகளாக ஓட்டுகிறார்கள். சர்வரின் சொந்தக்காரரே எட்டிப் பார்க்க முடியாதபடி அந்த நினைவகம் முழுவதையும் பூட்டி வைக்கும் வசதியை ஏஎம்டி 2017-இல் தன் எபிக் செயலிகளில் கொண்டுவந்தது. இன்டெலும் பின்னர் அதே வழியில் வந்தது. நினைவகம் மறையாக்கத்தில் இருப்பதால் தட்டின் பக்கமிருந்தும் அதைப் படிக்க முடியாது. அப்புறம் என்ன, பூட்டாத இடத்தில் ஒரு தற்காலிகப் பஃபர் எடுத்து, தரவை அதில் நகலெடுத்து, அங்கிருந்து அனுப்ப வேண்டியதுதான். லினக்ஸில் இதைச் செய்வது 'எஸ்டபிள்யூ-ஐஓடிஎல்பி' என்ற பகுதி. ஐடேனியம் செயலிகளுக்காக முன்பு எழுதப்பட்ட பழைய பவுன்ஸ் முறைதான் அது!

வேகம் பொருந்தாதபோது ஒரு பஃபர் வந்தது. முகவரி பொருந்தாதபோது இன்னொன்று வந்தது. இப்போது நம்பிக்கை பொருந்தாத இடத்தில் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நகலெடுக்கும் கூலி உண்டு, நடுவழியில் தொலையும் ஆபத்தும் உண்டு. ஆகவே அடுத்தமுறை தேர்வில் "பஃபர் என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வந்தால், தற்காலிக நினைவகம் என்று எழுதிய கையோடு, எந்த இரண்டுக்கு நடுவில் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். பாதிக் கதை அந்த வரியில்தான் இருக்கிறது.